கீழ்வீட்டு முதலாளி

வாடகை கொடுக்கிற என்னை வாடகை வாங்குகிறவனாக மாற்றிக் காட்டுவதாக என் மச்சான் சபதம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் வீட்டில் மூன்றாவது தடவையாகத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தபோது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். இதுவரை ஒரு வீடும் வாங்கியதில்லை. ஆனால் வீடு வாங்குவதைப் பற்றி அவர் பேசினால், பத்து வீட்டுக்குச் சொந்தக்காரன்கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்பான்.

"மாப்ளே, பணக்காரன் யாரும் தன் காசுல வீடு வாங்குறதில்ல. பேங்க் காசுல வாங்குறான். குடியிருக்கிறவன் காசுல கடனை அடைக்கிறான். நடுவுல இவன் சும்மா கையைக் கட்டிட்டு நிக்கிறான்" என்றார்.

கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பது எனக்கு நன்றாக வரும் காரியம். அதனால் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பதினாறு வருடங்களாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. யார் எந்தப் பள்ளத்தை நோக்கிப் போனாலும் அதை மிதித்து நிறுத்திவிடுவேன். அந்த பிரேக்கைக் காரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவதுதான் என் குறை. மச்சான் பேசப் பேச, மாடியில் சாய்வு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பதும், குடியிருப்பவர் வந்து பவ்யமாக வாடகையை நீட்டுவதும், நான் வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொள்வதும் கண்முன் ஓட ஆரம்பித்தன.

என் மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் படித்துவிடுகிறவளுக்கு என் முகத்தைப் படிப்பது பெரிய விஷயமில்லை.

"என்னங்க, சாப்பாடு ஆறுது" என்றாள்.

நான் கவனிக்கவில்லை.

அடுத்த வாரமே வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் இருந்த அதிகாரி வயதில் என்னைவிடச் சின்னவர். கண்ணாடியைத் துடைத்தபடியே நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"வாடகைக்கு விடுறதுக்குன்னு வீடு வாங்கினீங்கன்னா, விலையில கால் பங்கு நீங்க போடணும் சார்."

என் சேமிப்பு கால் பங்கைப் பார்த்ததே இல்லை. பத்தில் ஒரு பங்கைத் தொடுவதற்கே எம்பிக் குதிக்க வேண்டியிருந்தது. முகம் தொங்கிப்போனதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"நீங்களே குடியிருக்கப் போறீங்கன்னா பத்துல ஒரு பங்கு போதும். ரெண்டு பாகம் இருக்கிற வீடா பாருங்க. ஒண்ணுல நீங்க இருங்க, இன்னொண்ண வாடகைக்கு விடுங்க. அதுக்கு நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஒரே ஒரு நிபந்தனை, குறைஞ்சது ஒரு வருஷமாவது நீங்க அங்க குடியிருந்தாகணும்."

"இருந்துட்டாப் போச்சு" என்றேன். ஒரு மனிதன் தன் சொந்த வீட்டில் குடியிருப்பதில் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது?

முன்பணம் குறைவு என்பதால் வட்டி கொஞ்சம் கூடுதல் என்றார். அதற்கு மேல் கடனுக்கு ஒரு காப்பீடு, அதற்கு மாதாமாதம் தனியாகக் கட்டணம் என்றார். இருபத்தைந்து வருடத் தவணை முடியும்போது எனக்கு என்ன வயதாகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். புதிதாக வண்டி ஓட்ட வருகிறவர்கள், கிளட்ச் எது என்று தெரியாமலே என்னிடம் இப்படித்தான் தலையாட்டுவார்கள். அவர்கள்மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

இரண்டு மாதம் அலைந்து ஒரு வீட்டைப் பிடித்தோம். மேல்வீடு அழகு. இரண்டு படுக்கையறை, தெருவைப் பார்த்த பால்கனி, காலையிலிருந்து மாலைவரை வெளிச்சம். கீழ்வீடு தெருமட்டத்துக்குக் கீழே பாதி இறங்கியிருந்தது. அதன் ஜன்னல்கள் கூரையை ஒட்டி நீளவாக்கில் இருந்தன. அவற்றின் வழியே பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். முதல் தடவை பார்க்கப் போனபோது என் மகள் அந்த ஜன்னலடியில் நின்று, "அப்பா, இங்க எல்லாருக்கும் வெறும் காலுதான் இருக்கு" என்று கத்தினாள். அவளுக்கு அப்போது பத்து வயது. கீழ்வீட்டை உண்மையிலேயே பிடித்திருந்தது எங்கள் குடும்பத்தில் அவளுக்கு மட்டும்தான்.

பத்திரம் முடிந்து சாவி கைக்கு வந்த அன்று பால்கனியில் நின்று மனைவியிடம் சொன்னேன். "இந்த மூலையில நாற்காலியைப் போட்டா, தெரு முழுக்கப் பார்க்கலாம்."

"யாரு பார்க்கிறது?"

"நான்தான்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "என்னங்க, மேல் வீட்டை விட்டா வர்ற வாடகை தவணையில முக்கால்வாசிக்கு வரும். கீழ் வீட்டை விட்டா என்ன வரும்? அதுவும் யார் வருவா? நம்மளை மாதிரி ஆளுங்கதான் வருவாங்க. அதுக்கு நாமளே இருந்துட்டுப் போகலாம்."

நாற்காலி கீழே இறங்கியது. கீழ்வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், என் தெருவில் போகும் செருப்புகளை எல்லாம் நான் ராஜா மாதிரி பார்வையிடலாம்.

மேல்வீட்டைப் பார்க்க வந்தவர்களில் ஒரு நர்ஸ் இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. முப்பது வயது இருக்கும், தனியாள். குடிவருபவரை எப்படியெல்லாம் கேள்வி கேட்க வேண்டும் என்று மச்சான் எனக்குப் பாடம் எடுத்திருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி ஆரம்பிக்கப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கீழ யாரு சார் இருக்காங்க?"

"நாங்கதான்."

"ஓனரேவா?" என்று அவள் ஒரு அடி பின்வாங்கினாள். "குழந்தைங்க இருக்கா? நாய் இருக்கா? சத்தமாப் பாட்டு வைப்பீங்களா? எனக்குப் பெரும்பாலும் நைட் டியூட்டி. பகல்லதான் தூங்குவேன். தூக்கம் கெட்டா வேலை செய்ய முடியாது. அங்க நான் ஒரு தப்பு செஞ்சா யாராவது செத்துருவாங்க."

நாங்கள் மூவரும் பூனை மாதிரி நடப்போம் என்று உறுதி சொன்னேன். சுவருக்குப் புது வண்ணம் அடித்துத் தருவதாகச் சொன்னேன். பால்கனிக் கதவை மாற்றித் தருவதாகவும் சொன்னேன். நல்ல வேளையாக அப்போது மனைவி இருமினாள், நிறுத்திக்கொண்டேன். நர்ஸ் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். நேர்காணலில் தேறிவிட்ட சந்தோஷத்தோடு நான் கீழே இறங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தட்டினோம். மிக்ஸியை மாலையில்தான் ஓட்டினோம். மகள் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனாள். எனக்குத் தும்மல் வந்தால் தலையணையைத் தேடுவேன். என் தும்மல் கொஞ்சம் பெரியது. பயிற்சிக் காரில் ஒரு தடவை நான் தும்மி, ஓட்டிக்கொண்டிருந்த பெண்மணி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு அடக்கியும் வாரத்துக்கு ஒரு தடவையாவது மேலிருந்து அவள் இறங்கி வருவாள். பாதித் தூக்கத்தில் முகம் வீங்கியிருக்கும்.

"சார், குளியலறையில பாடாதீங்க. அந்தக் குழாய் வழியா சத்தம் நேரா என் தலைமாட்டுக்கு வருது."

"மன்னிச்சுக்கம்மா."

"பாட்டாவது சரியா இருந்தாப் பரவாயில்ல."

பயிற்சிப் பள்ளியில் உடன் வேலை செய்பவர்கள் என்னை 'முதலாளி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நானும் மறுக்கவில்லை. வாடகைக்காரியிடம் திட்டு வாங்கிவிட்டு வேலைக்குப் போனால், அங்கே 'வாங்க முதலாளி' என்று ஒரு குரல் கேட்பது மனசுக்கு இதமாகத்தான் இருந்தது.

நான்காவது மாதமோ ஐந்தாவது மாதமோ, மேல்வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகியது. நர்ஸ் போன் செய்தாள். பிளம்பரைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. அந்த மாதம் ஏற்கெனவே கையைக் கடித்துக்கொண்டிருந்தது. பால்கனிக் கதவைச் சொன்னபடி மாற்றியிருந்தேன். அதோடு, சொந்த வீட்டுக்காரன் ஒரு குழாயைக்கூடத் திருகமாட்டானா என்ற ரோஷமும் சேர்ந்துகொண்டது. மச்சான் கடையிலிருந்து பெரிய ஸ்பேனர் ஒன்றை வாங்கிவந்து, மேலே போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் தலையை விட்டேன். நர்ஸ் டார்ச் பிடித்தாள்.

"சார், முதல்ல மெயினை அடைக்க வேண்டாமா?"

"இந்த மாதிரி சின்ன வேலைக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் குழாய் கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் என் முகத்தில் அடித்து, தரையில் பாய்ந்து, எங்கேயோ ஒரு வழியைக் கண்டுபிடித்து மறைந்தது. எங்கே மறைந்தது என்பது கீழே போன பிறகுதான் தெரிந்தது. எங்கள் படுக்கைக்கு நேர் மேலே கூரையிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. மெத்தை, தலையணை, நான் துவைத்து மடித்து வைத்திருந்த யூனிஃபார்ம் எல்லாம் தெப்பலாக நனைந்திருந்தன. சாதாரணமாக ஒரு வீட்டில் இப்படி நடந்தால், மேலே இருப்பவனைப் போய்த் திட்டலாம், அல்லது வீட்டுக்காரனைப் போய்ப் பிடிக்கலாம். இங்கே நனைந்தவனையும் சேர்த்து மூன்று பேரும் நானே. கட்டிலில் உட்கார்ந்து என்னை நானே கொஞ்ச நேரம் திட்டிவிட்டுப் பிளம்பருக்குப் போன் செய்தேன். மூன்று நாள் தரையில் படுத்தோம். மகள் தினமும் படுக்கும்போது, "அப்பா, இன்னைக்கு மழை வருமா?" என்று கேட்டாள்.

இந்த மாதிரி நாங்கள் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் வங்கியிலிருந்து ஆய்வாளர் வந்தார்.

அன்று எனக்குக் காலை வகுப்பு முடிந்து, அடுத்ததுக்கு மதியம்வரை நேரமிருந்தது. மனைவி கடைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்னறையில் கசிந்திருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வந்து நின்றது. நன்றாகப் பாலிஷ் போட்ட ஷூ. அது மேலே ஏறிப் போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி இறங்கி என் கதவடியில் வந்து நின்றது.

கதவைத் திறந்தேன். கையில் பையோடு ஒரு நடுத்தர வயதுக்காரர்.

"மேல குடியிருக்கிறவங்க, ஓனர் கீழ இருக்கார்னு சொல்றாங்க. எப்ப வருவார்?"

"நான்தான் ஓனர்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கைலியை, கையிலிருந்த துணியை, பக்கத்தில் இருந்த வாளியைப் பார்த்தார். "இல்லப்பா, வீட்டு ஓனர்."

"வீட்டு ஓனர்தான் சார். நானேதான்."

அடையாள அட்டையை எடுத்துவந்து காட்டினேன். பெயர் சரியாக இருந்தது. முகவரிதான் பழைய வாடகை வீட்டு முகவரி. இதோ மாற்றுகிறேன், அதோ மாற்றுகிறேன் என்று எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.

அவர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். அவர் கண்ணோடு சேர்ந்து நானும் என் வீட்டை முதல் தடவையாகப் பார்த்தேன். அலமாரி வைக்க இடமில்லாமல் பிரிக்காமலே அடுக்கிய அட்டைப்பெட்டிகள். பயிற்சிப் பள்ளியில் இடமில்லை என்று என் தலையில் கட்டிய ஆரஞ்சுக் கூம்புகள் ஒரு மூலையில். அவற்றுக்கு மேல் சாய்த்து வைத்த 'மெதுவாகச் செல்லவும்' பலகை. கூரையில் தண்ணீர் விட்டுப்போன பழுப்புக் கறை.

"குடோன் மாதிரி இருக்கே சார்" என்றார். இப்போதாவது 'சார்' போட்டாரே என்று இருந்தது.

"குடும்பமா இருக்கோம் சார். மனைவி, பொண்ணு, நான்."

"ஓனர் நீங்கதான்னு ஒத்துக்கறேன். இங்க குடியிருக்கீங்கன்னு சொல்றீங்க பாருங்க, அதைத்தான் நம்ப முடியல. மேல அப்படி ஒரு வீட்டை வெச்சுக்கிட்டு இங்க யாராவது இருப்பாங்களா? யாருக்குக் காது குத்துறீங்க? குறைஞ்ச முன்பணத்துல கடனை வாங்கிட்டு, ரெண்டையும் வாடகைக்கு விட்டுட்டு, நீங்க பழைய வீட்லயேதானே இருக்கீங்க?"

குளியலறைக்கு அழைத்துப் போய்ப் பல் துலக்கும் பிரஷ்களைக் காட்டினேன்.

"போன மாசம் ஒரு வீட்ல ஆறு பிரஷ் காட்டினாங்க சார். அந்த வீட்ல தண்ணியே வரல."

"பொண்ணோட துணி இருக்கு சார், பாருங்க."

"துணி எங்க வேணா இருக்கும்." அவர் பையிலிருந்து எதையோ எடுத்து எழுத ஆரம்பித்தார். "கால் பங்குக்கு மீதி எவ்வளவோ அதைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். இல்லேன்னா கடனைத் திருப்பிக் கேட்பாங்க."

அந்த இடத்தில் நான் நிதானத்தை இழந்துவிட்டேன். எட்டு மாதமாகக் கிசுகிசுத்தே பேசிய தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. "நான் இங்கதான் சார் இருக்கேன்! இந்த ஓட்டையில, இந்த ஈரத்துல, நானும் என் பெண்டாட்டியும் பொண்ணும் எட்டு மாசமா இருக்கோம்! வேணும்னா நீங்க ஒரு வாரம் இருந்து பாருங்க!"

கூச்சல் முடிந்ததும் தும்மல் வந்தது. தலையணை அருகில் இல்லை.

மேலே கதவு படார் என்று திறந்தது. நர்ஸ் இறங்கி வந்தாள். தலைமுடி கலைந்து, ஒரு கன்னத்தில் தலையணையின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. ஆய்வாளர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"சார், உங்ககிட்ட எத்தனை தடவை சொல்றது? இப்பதான் இவர் வந்து பெல்லடிச்சு எழுப்பினார். மறுபடி படுத்துக் கண்ணை மூடுறேன், நீங்க ஆரம்பிச்சுட்டீங்க. அந்தத் தும்மலுக்கு ஒரு டாக்டரைப் பாருங்கன்னு சொன்னேனே, பார்த்தீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

ஆய்வாளர் பேனாவை நிறுத்தினார். "ஏம்மா, இவர் இங்கதான் குடியிருக்காரா?"

அவள் அவரை ஏதோ வார்டில் நுழைந்த பார்வையாளரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "குடியிருக்காராவா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்கயாவது ஊருக்குப் போகக்கூடாதான்னு நான் ஏங்கறேன். காலையில அலாரம் வைப்பார், அது அடிச்சுக்கிட்டே இருக்கும், அவர் எழுந்திரிக்க மாட்டார், இவர் வீட்டம்மா எழுந்து நிறுத்துவாங்க. அப்புறம் குளியலறையில பாட்டு. வேண்டாம்னு சொன்னதும் இப்பல்லாம் முணுமுணுக்கிறார், அது இன்னும் மோசம். அந்தப் பொண்ணு வாய்ப்பாடு படிச்சா இவர் கூடச் சேர்ந்து தப்புத்தப்பா சொல்றார். ஞாயித்துக்கிழமை அவங்க அண்ணன் வருவார், இன்னொரு வீடு வாங்கலாம்னு சத்தமாப் பேசுவார். இவர் 'ஆமா மச்சான், ஆமா மச்சான்'னு சொல்லிட்டே இருப்பார். எல்லாம் என் தலைமாட்டுல கேக்குது."

எனக்கு அந்த ஈரத்தரையே பிளந்து உள்வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டேன். நேரா வந்தார். குழாயையே பிடுங்கிட்டார்" என்று அவள் தொடர்ந்தாள். பிறகு கொட்டாவி விட்டு, கதவில் சாய்ந்துகொண்டாள். "இதுக்கு முன்னாடி நாலு வீட்ல இருந்திருக்கேன். ஒரு ஓனர் முகத்தையும் நான் பார்த்ததில்ல. ஹீட்டர் கெட்டுப்போய் ரெண்டு மாசம் பச்சைத் தண்ணியில குளிச்சிருக்கேன். இவருக்கு ஒண்ணும் சரி பண்ணத் தெரியாது. ஆனா கூப்பிட்டா வந்துடுவார்."

ஆய்வாளர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எதையோ எழுதினார். அவர் தோள் குலுங்கியது. முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன்.

"போதும்மா. இதுக்கு மேல சாட்சி வேண்டாம்" என்றார். வெளியே போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "சார், நானும் வாடகை வீடுதான். இப்படி ஏதாவது பண்ணலாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன்" என்றார். என் அறையை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "யோசிக்கணும்" என்று தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மாலையில் இதை மனைவியிடம் சொன்னேன். சத்தமாகச் சிரிக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்ததால் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூப்பிட்டா வந்துடுவார்னு சொன்னாளா?" என்று கேட்டாள். "சரியாத்தான் சொல்லியிருக்கா."

இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுவும் ஒன்று. அதை ஒரு நர்ஸ் வந்து சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் போய் அடையாள அட்டையில் முகவரியை மாற்றினேன். தும்மலுக்கு டாக்டரையும் பார்த்தேன். ஈரத்தால் வருகிறது, வீட்டை மாற்றுங்கள் என்றார்.

வருடம் முடிந்த அடுத்த ஞாயிறு மச்சான் வந்துவிட்டார். "மாப்ளே, நிபந்தனை முடிஞ்சது. இப்ப கீழ் வீட்டையும் வாடகைக்கு விடு. இதே மாதிரி இன்னொரு ரெட்டை வீடு பாரு. பத்துல ஒரு பங்கு. அங்க ஒரு வருஷம் இரு. அப்புறம் அடுத்தது. பத்து வருஷத்துல உனக்குப் பத்து வீடு!"

பத்து வீடு என்றதும் எனக்குள் அந்தப் பழைய ஆள் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தான். 'என் வீடுகளில் ஒன்றில்' என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியத்தை நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "அண்ணா, அங்கயும் நல்ல பாகத்துக்குத்தானே வாடகை ஜாஸ்தி வரும்? அப்ப அங்கயும் நாங்க மோசமான பாகத்துலதான் இருப்போம். பத்து வீடு வாங்கினா, பத்து வீட்லயும் எது மோசமோ அதுல ஒவ்வொரு வருஷம். உங்க மாப்பிள்ளை தும்மலுக்கு அதெல்லாம் தாங்காது."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் 'ஆமா மச்சான்' என்று சொல்ல வாயெடுத்து, மேலே கேட்கும் என்பது நினைவுக்கு வர, நிறுத்திக்கொண்டேன். 'என் வீடுகளில் ஒன்றில்' என்ற வாக்கியமும் பாதியிலேயே நின்றுபோனது.

பத்து வீட்டை வேண்டாம் என்றவள், இருக்கிற ஒரு வீட்டின் வாடகையைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னாள். வட்டி ஏறியிருந்தது, ஒப்பந்தத்திலும் அதற்கு இடமிருந்தது. கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிவிட்டு மேலே போனேன். நர்ஸ் அன்று வேலையிலிருந்து திரும்பி, ஷூவைக்கூடக் கழற்றாமல் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நோயாளி விடியற்காலையில் போய்விட்டார் என்றாள். சின்ன வயசு என்றாள். நான் பக்கத்தில் நின்று, 'அடடா' என்று இரண்டு தடவை சொன்னேன். பிறகு கொசு நிறைய வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றாள்.

கீழே வந்ததும் மனைவி, "சொன்னீங்களா?" என்றாள்.

"ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றேன்.

அவள், "மேல போன ஆளாவது திரும்பி வந்தாரே, அது போதும்" என்று தன் வேலையைப் பார்க்கப் போனாள். அடுத்த மாதம் அவளே போய், தேநீர் குடித்துக்கொண்டே பேசி, வாடகையை ஏற்றிவிட்டு வந்தாள். நர்ஸ் மறுத்ததாகவே தெரியவில்லை.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தபோது நர்ஸுக்கு வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில் என் மகளைக் கட்டிக்கொண்டாள். மனைவியிடம் கண் கலங்கினாள். என்னிடம், "பாடுங்க சார், இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நாங்கள் மூவரும் நின்றிருந்தோம். அன்று வீடு அவ்வளவு அமைதியாக இருந்தும், குளிக்கும்போது எனக்குப் பாடத் தோன்றவில்லை.

மேல்வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது. தவணை முழுவதும் எங்கள் கையிலிருந்தே போனது. மனைவி மருந்துக்கடையில் கூடுதல் நேரம் பார்த்தாள். நான் ஞாயிறுகளிலும் வகுப்பெடுத்தேன். உடன் வேலை செய்பவர்கள் என்னை முதலாளி என்று கூப்பிடுவதை அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மாலை, வீடு பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. பெருக்கித் துடைத்து வைத்திருந்த மேல்வீட்டில் காத்திருந்து காத்திருந்து, மூவரும் பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். மனைவி கீழே போய்த் தேநீரும் ரொட்டியும் எடுத்துவந்தாள். வெயில் தாழ்ந்து சுவரெல்லாம் மஞ்சளாக இருந்தது. தெருவில் போகிறவர்களுக்கு முகம் இருந்தது. இரண்டு வருடமாகக் கால்களை மட்டுமே பார்த்துப் பழகிய ஒருவரை மகள் ஷூவை வைத்து அடையாளம் கண்டுபிடித்து, "அப்பா, அவருக்கு மீசை இருக்கு!" என்று கத்தினாள். அவளை யாரும் அடக்கவில்லை.

மனைவி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "இன்னும் கொஞ்ச நாள் யாரும் வராம இருந்தாக்கூடப் பரவாயில்லன்னு தோணுது" என்றாள்.

"தவணை?"

"அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

இருட்டும்வரை அங்கேயே இருந்தோம். அடுத்த மூன்று வாரம் தினமும் மாலையில் மேலே ஏறினோம். வாடகை தராமல் குடியிருப்பவர்களைப் பற்றி மச்சான் சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் எங்களுக்குத்தான் பொருந்தின.

பிறகு ஒரு வயதான தம்பதி வந்தார்கள். தையல் மெஷின் ஒன்று, பூச்செடிகள் நிறைய. கணவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று அந்த அம்மாள் வருத்தத்தோடு சொன்னார். எனக்கு அந்தப் பெரியவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. வீட்டைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னேன். வெளிச்சம் நன்றாக வரும், சமையலறைக் குழாய் புதிது, மாலையில் இந்த மூலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்றேன்.

"நீங்க எப்படி சார் இவ்வளவு சரியாச் சொல்றீங்க?" என்றார் அந்த அம்மாள்.

"ஓனராச்சே" என்றாள் என் மனைவி, சாவியை அவர் கையில் வைத்தபடி.